கூட்டருகே அழைத்துச் செல்லாத வழிகாட்டி: வால்பாறைக் காப்பித் தோட்டத்தில் ஒரு பறவை நடை

வால்பாறை மேட்டுநிலத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில், துரைமார் காலத்துப் பங்களாவைத் தங்குமிடமாக மாற்றி, இரண்டு இரவுத் தங்கலையும் மூன்று பறவை நடைகளையும் சேர்த்து வழங்குகிறார்கள். பிப்ரவரி கடைசி வாரத்தில் நானும் என் கணவரும் அங்கே தங்கி வந்தோம். மதிப்புரை எழுதுபவர்கள் இடத்தின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை. அந்தத் தோட்டத்தின் நிழல் மரங்களில் பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவைகள் கூடு வைத்திருக்கின்றன. தனக்குப் பொருந்திய பொந்தை ஆண்டுதோறும் தேடி வருகிற பறவை அது. இடம் வெளியே தெரிந்துவிட்டால் கேமராவோடு வருகிற கூட்டத்தைத் தடுப்பது கடினம். பெயரில்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். இதுபோன்ற தோட்டத் தங்குமிடங்கள் வால்பாறையில் பல இருக்கின்றன. அவற்றில் எதற்குப் பணம் கட்டுவது, கட்டுமுன் என்ன கேட்பது என்று யோசிப்பவர்களுக்கு நான் கண்ட நல்லதும் குறையும் உதவும் என்று நம்பியே எழுதுகிறேன்.

தங்கும் வசதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போக வேண்டும். இருவருக்கு இரண்டு இரவுக்கு, சாப்பாடும் நடைகளும் உட்பட, 14,500 ரூபாய் கட்டினோம். அறை சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது, ரசமும் பீன்ஸ் பொரியலும் வீட்டுச் சமையலாக இருந்தன. ஒன்றுதான் மனதுக்கு ஒப்பவில்லை: சுற்றிலும் காப்பிச் செடிகள் நிற்க, எங்களுக்குக் கொடுத்தது கடைப்பொடியில் கலந்த இன்ஸ்டன்ட் காப்பி. அந்த மண்ணில் விளைந்ததை வறுத்து அரைத்துக் கொடுப்பது பெரிய செலவாக இருக்க முடியாது. தோட்டத்தின் விளைச்சலையும் அதன் பறவைகளையும் சேர்த்தே விருந்தினருக்கு அறிமுகப்படுத்த அது நல்ல வழியாகவும் இருக்கும்.

இனி, பணம் கட்டிப் போன காரியத்துக்கு வருகிறேன். வந்து சேர்ந்த மாலையே வழிகாட்டி எங்களை முன்கூடத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். முப்பது வயதுக்குள் இருக்கும் அவர் அதே எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பாட்டி காலத்திலிருந்து அவருடைய குடும்பம் அங்கே வேலை செய்து வருகிறது. அவர் சொன்ன விதிகள் இவை. கூடு உள்ள மரத்தின் அருகே போவதில்லை. பள்ளத்துக்கு எதிர்ப்புறம் உள்ள தோட்டச் சாலையில் நின்று, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு வேளைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. ஆண் பறவை வந்தும் கூட்டு மரத்தில் இறங்காமல் பக்கத்து மரத்திலேயே தயங்கினால், நாற்பது நிமிடம் முடியாவிட்டாலும் கிளம்பிவிட வேண்டும். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது கூடாது. படங்களில் இடக்குறிப்பு இருக்கக் கூடாது. ட்ரோன் வைத்திருப்பவர்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இவையெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருந்தன, படித்துக் கையெழுத்திட்டோம். இந்த அரை மணி நேரத்துக்காகவே அந்தச் சேவையைப் பரிந்துரைக்கலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

விதிகள் கடுமையாகத் தோன்றினால், பெரிய இருவாச்சி எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் உணவுக் கழிவையும் கொண்டு வாயிலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு செங்குத்துப் பிளவு மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும்போதே அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைப்பதால், அந்த வாரங்களில் அதனால் வெளியே வந்தாலும் பறக்க முடியாது. ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் இடும். அடைகாப்பு ஏறத்தாழ 40 நாள். பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சுதான் வளர்ந்து பறக்கும். குஞ்சு ஓரளவு பெரிதானதும் தாய் அடைப்பை உடைத்து வெளியேறுகிறது. குஞ்சு உள்ளிருந்தபடியே வாயிலை மறுபடி பூசிக்கொள்கிறது. அதன் பிறகு தாயும் தந்தையும் சேர்ந்து இரை கொண்டு வருகின்றன. இவ்வளவும் முடிய நான்கு மாதம் ஆகும். தாய் வெளியே வரும்வரை, உள்ளே உள்ளவை உண்ணும் ஒவ்வொரு பழமும் அந்த ஓர் ஆண் பறவையின் தொண்டைக்குள் வைத்துக் கொண்டுவரப்பட்டதே. அடிமரத்தருகே ஆள் நடமாட்டம் கண்டு அது திரும்பிப் போனால், திரும்பிப் போன ஒவ்வொரு முறையும் உள்ளே பசியாக மாறுகிறது. மனிதர்கள் கூட்டருகே செய்யும் பெரும்பாலான தீங்கு இப்படித்தான், யாரும் எதையும் தொடாமலே நடந்துவிடுகிறது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு எதிர்ப்புறச் சாலையில் நின்றோம். ஒரு வாரத்துக்கு முன்புதான் காப்பியைப் பூக்கவைக்கும் முதல் மழையான பூ மழை பெய்திருந்தது. காப்பிச் செடிகளின் மொட்டுகள் விரியும் தறுவாயில் இருந்தன. தொலைநோக்கியில் மரம் தெரிந்தது: வெடிபலா. சாம்பல் நிற அடிமரம், நேராக உயர்ந்து, கிளை பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பழைய கிளை முறிந்த வடு. அந்த வடுதான் கூட்டின் வாயில். பூச்சு காய்ந்து மரப்பட்டையின் நிறமாகவே ஆகியிருந்ததால், வழிகாட்டி சொல்லியும் எனக்குப் பிடிபட வெகுநேரம் ஆனது. பிளவுக்குள் ஏதோ அசைவதுபோல் ஒரு முறை தெரிந்தது. அலகின் நுனியாக இருக்கலாம்.

ஆண் பறவை வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது அறிந்தது. யாரோ பெரிய முறத்தால் இடைவிடாமல் புடைப்பதுபோன்ற சிறகோசை பள்ளத்தின் மறுகோடியிலிருந்து நெருங்கி வந்தது. கறுப்பு வெள்ளைச் சிறகு, எண்ணெய்ச் சுரப்பியின் மஞ்சள் பூசிய கழுத்து, மஞ்சள் அலகின்மேல் கவிழ்த்து வைத்தாற்போன்ற கொண்டை. தொலைநோக்கியில் அதன் சிவந்த கண்ணையும் பார்க்க முடிந்தது. பெண்ணுக்கு அந்தக் கண் வெளிறியிருக்கும் என்று வழிகாட்டி சொன்னார். பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து நோட்டம் பார்த்துவிட்டு, கூட்டு மரத்தின் பட்டையைப் பற்றிக்கொண்டு வாலை ஊன்றி நின்றது. பிறகு தொண்டையிலிருந்து ஒவ்வொரு அத்திப்பழமாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து, பிளவுக்குள் நீட்டிக்கொண்டே இருந்தது. என் கணவர் 27 வரை எண்ணினார். முப்பது ஆண்டு காலம் வங்கியில் பணம் எண்ணியவர், இவ்வளவு கவனமாக எதையும் எண்ணி நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்த நாள் காலை அப்படி நடக்கவில்லை. பறவை வந்தது, அதே சில்வர் ஓக்கில் உட்கார்ந்தது, இறங்கவில்லை. சாலையில் எங்களோடு வேறு நால்வர் நின்றிருந்தார்கள், ஒருவர் சிவப்புச் சட்டை அணிந்திருந்தார். ஏழெட்டு நிமிடம் போனதும் வழிகாட்டி தொலைநோக்கியை மடக்கத் தொடங்கினார். “அது தயங்குதுன்னா நம்மாலதாம்மா. கிளம்பிடுவோம்” என்றார். நால்வரில் ஒருவருக்குக் கோபம். கோயம்புத்தூரிலிருந்து இதற்காகவே வந்ததாகவும், மரத்தடிக்கு அழைத்துப் போனால் தனியாக ஐயாயிரம் தருவதாகவும் சொன்னார். வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. “சார், நீங்க கீழ இறங்கிப் போனா அது நாளைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அந்த விருந்தினர் அலுவலகத்தில் புகார் செய்தபோது மேலாளரும் வழிகாட்டியின் பக்கமே நின்றார். ஒரு சேவையை எடைபோட இதைவிடத் தெளிவான தருணம் கிடைக்காது. விதிகளை அச்சிட்டுக் கொடுப்பது எளிது. கட்டணம் செலுத்திய விருந்தினர் முகம் சுளிக்கும்போது அவற்றைக் கடைப்பிடிக்க நிர்வாகத்துக்கும் வழிகாட்டிக்கும் இடையே உறுதியான உடன்பாடு வேண்டும். இங்கே அது இருக்கிறது.

காட்டுப் பறவை ஏன் தோட்டத்தில் வந்து கூடு கட்டுகிறது என்ற கேள்வி முதல் நடையிலேயே எங்களுக்கு எழுந்தது. அதற்கான விடையை வழிகாட்டி நிதானமாகவே சொன்னார். நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் இருக்க, நடுவில் உள்ள மழைக்காடு 1890களிலிருந்து திருத்தப்பட்டுத் தேயிலையும் காப்பியும் ஏலமும் யூகலிப்டஸும் ஆயிற்று. இடையிடையே துண்டுதுண்டாகக் காட்டுத் திட்டுகள் தப்பின. தேயிலைக்காகத் திருத்திய இடங்களில் பெருமரங்கள் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. காப்பிக்கும் ஏலத்துக்கும் நிழல் வேண்டும் என்பதால், அங்கே பழைய காட்டு மரங்கள் சில நிற்கவிடப்பட்டன. அவற்றின் இடைவெளிகளில் வேறு நிழல் மரங்கள் நடப்பட்டன. இப்படி, பாதி மிஞ்சியதும் பாதி நட்டதுமான மரக்கூட்டம் ஒன்று உருவானது. காட்டின் நிறைவு அதில் இல்லை. ஆனாலும் உயரமும் பொந்தும் பழமும் ஓரளவு இருக்கின்றன. இருவாச்சி தானாகப் பொந்து குடையத் தெரியாத பறவை. கிளை முறிந்தோ உட்கட்டை உளுத்தோ இயற்கையாக உண்டான, தன் உடல் கொள்ளும் அளவுள்ள பொந்து அதற்கு வேண்டும். மூன்றடிக்கு மேல் நீளமுள்ள பறவை கொள்ளும் பொந்து உண்டாக, அந்த மரம் எத்தனை தலைமுறை நின்றிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே தோட்டத்தில் இருவாச்சி கூடு வைத்திருக்கிறது என்றால், நூறாண்டுக்கு முன்பு யாரோ ஒருவர் அந்த மரத்தின்மேல் கோடரி வைக்காமல் விட்டிருக்கிறார், அதன் பிறகு வந்தவர்களும் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டாவது நடை இந்த வேறுபாட்டைக் கண்ணால் காட்டுவதற்காகவே அமைக்கப்பட்டிருந்தது. மூன்று நடைகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். முதலில் தேயிலைச் சரிவுக்கு அழைத்துப் போனார். பச்சைக் கம்பளத்தின் நடுவே வரிசையாகச் சில்வர் ஓக். கொண்டைக்குருவிகள், ஓரிரு தவிட்டுக்குருவிகள், ஒரு வல்லூறு. அரை மணி நேரத்தில் குறிப்பேட்டில் எழுத அவ்வளவுதான் இருந்தது. பிறகு ஒரு மண்பாதை வழியாகப் பழைய நிழலுள்ள காப்பிப் பிரிவுக்குள் நுழைந்தோம். பத்து நிமிடத்துக்குள் குரல்கள் மாறிவிட்டன. மலை மைனாக்களின் சீழ்க்கை, துடுப்புவால் கரிச்சானின் பலகுரல், ஓடைக்கரையில் சீகாரப் பூங்குருவியின் மனிதர் சீட்டியடிப்பதுபோன்ற பாட்டு. சருகில் நடந்துகொண்டிருந்த மரகதப்புறா ஒன்று எங்கள் காலடியிலிருந்து எழுந்து பறந்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பறவையை நான் முதன்முதலாகக் கண்டது ஒரு காப்பிச் செடிக்கு அடியில்தான்.

அங்கே கூடு கட்டுகிற பறவைகளுக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கலை வழிகாட்டி அழகாக விளக்கினார். குக்குறுவானும் மரங்கொத்தியும் பட்ட கிளைகளில் தாமாகவே பொந்து குடைகின்றன. அவை விட்டுப்போன பொந்துகளில் குடையத் தெரியாத சிறு பறவைகள் குடியேறுகின்றன. காட்டுத் திட்டை ஒட்டிய ஓரத்தில், என் இடுப்பளவே இருந்த ஓர் உளுத்த அடிக்கட்டையைத் தொலைவிலிருந்தே காட்டினார். அதில் புதிதாகக் குடைந்த ஒரு குழி. தீக்காக்கை தொடங்கிய கூடு என்றார். அந்தப் பறவை அப்படிப்பட்ட மட்கிய கட்டையைத்தான் தேடும். ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குடையும். மலபார் சாம்பல் இருவாச்சியின் கூடு ஒன்றையும் கண்டோம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. பெரிய இருவாச்சியைவிட மிகச் சிறியது, அலகின்மேல் கொண்டை கிடையாது. எனவே சிறிய பொந்தும் அதற்குப் போதும், கூட்டுக்காலமும் ஏறத்தாழ மூன்று மாதத்தில் முடிந்துவிடும். தோட்டத்து மரங்களில் அதற்குப் பெரிய இருவாச்சியைவிட இடம் எளிதாகக் கிடைக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். இரண்டு இனங்களுமே உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ளவையாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன.

குறையைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அதே நடையில், பழைய நிழலுக்குள் போகும் வழியில், சில பெருமரங்களின் அடியில் சிவப்புச் சாயத்தால் எண்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கண்ணில் பட்டவரை 11 மரங்கள். அவற்றின் நடுவே முழங்கால் உயரச் சில்வர் ஓக் கன்றுகள் புதிதாக நடப்பட்டிருந்தன. இது என்ன என்று கேட்டபோது, அதுவரை ஒவ்வொரு கேள்விக்கும் விரிவாகப் பதில் சொன்ன வழிகாட்டி, “ஆபீஸ்ல கேளுங்கம்மா” என்று நிறுத்திக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தோட்டத்தில் சம்பளம் வாங்குபவரால் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? ஆனால் அறையில் வைத்திருந்த வண்ணக் கையேட்டில், நிழல் மரங்களின் பெருமையைப் பேசும் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. அந்த மரங்களில் எவை வெட்டப்படும், அவற்றின் இடத்தில் எது வரும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருவாச்சியின் படத்தை அட்டையில் போட்டு விருந்தினரை அழைக்கிற சேவை, இருவாச்சிக்கு இடம் கொடுக்கிற மரத்தின் கணக்கையும் விருந்தினருக்குச் சொல்லக் கடமைப்பட்டது.

தோட்டக்காரர்களின் தரப்பையும் புரிந்துகொள்ள முயன்றேன். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். விரைவாகவும் நேராகவும் வளரும், மிளகுக் கொடி ஏற்ற வசதியானது, சில பத்தாண்டுகளில் வெட்டி மரமாக விற்கலாம். காப்பி விலை இறங்கும் ஆண்டுகளில் அந்த மரமும் மிளகும்தான் தோட்டத்தைத் தாங்குகின்றன. அது பூக்கும் காலத்தில் தேன்சிட்டுகளும் மைனாக்களும் மொய்க்கும் என்பதும் உண்மை. ஆனால் இருவாச்சி உண்ணத்தக்க பழம் அதில் இல்லை. பெரிய பொந்து உண்டாகும் வயதுவரை அதை யாரும் நிற்கவிடுவதும் இல்லை. வெடிபலாவும் அத்தியும் இச்சியும் கருங்குங்கிலியமும் போய் அந்த இடத்தில் சில்வர் ஓக் மட்டும் நிற்கும் தோட்டம், மேலிருந்து பார்த்தால் அதே பச்சையாகத்தான் தெரியும். அதற்குள் ஒரு கூட்டுக்கு வழி இருக்காது.

இன்னொரு குறை காலத்தைப் பற்றியது. காப்பித் தோட்டங்களில் பருவமழைக்கு முன்பு, ஏப்ரல் மே மாதங்களில், நிழல் மரங்களின் கிளைகளை வெட்டி வெளிச்சம் விடுவார்கள். நிழல் கவாத்து என்று அதற்குப் பெயர். பெரிய இருவாச்சியின் குஞ்சு பொந்துக்குள் வளர்ந்துகொண்டிருப்பதும், தீக்காக்கையும் குக்குறுவானும் குஞ்சு பொரிப்பதும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான். கூட்டு மரத்தை ஆள் தொடாவிட்டாலும், பக்கத்து மரத்தில் அரிவாளோடு ஆள் ஏறி நாள் முழுவதும் கிளை வெட்டினால், சாலையில் நின்ற சிவப்புச் சட்டைக்கே தயங்கிய பறவை என்ன செய்யும்? விருந்தினருக்கு நாற்பது நிமிடக் கட்டுப்பாடு விதிக்கும் நிர்வாகம், தன்னுடைய கவாத்து வேலைக்கும் அப்படியொரு விதி வைத்திருக்கிறதா என்று மேலாளரிடம் கேட்டேன். அப்படி எழுதப்பட்ட விதி ஏதும் இல்லை என்று அவர் நேர்மையாகவே ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது நடை நாற்றங்காலுக்கு. வால்பாறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் அவர்களுடைய குழுவினரும், தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, சிதைந்த காட்டுத் திட்டுகளில் மண்ணின் மரங்களை நட்டு மீட்டு வருகிறார்கள். சாலையோரத்தில் உதிர்ந்தும் முளைக்க வழியின்றிக் கிடக்கும் விதைகளைப் பொறுக்கி வளர்ப்பது அவர்களுடைய முறைகளில் ஒன்று. அதைப் பார்த்துத் தங்கள் தோட்டத்திலும் சிறிய அளவில் தொடங்கியதாக வழிகாட்டி சொன்னார். நாங்கள் பார்த்தபோது சில நூறு பைகளில் கன்றுகள் இருந்தன. வெடிபலா, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் என்று சீட்டு எழுதிச் செருகியிருந்தார்கள். பழம் தின்ற இருவாச்சி கக்கிப்போட்ட விதைகளிலிருந்து முளைத்தவையும் அவற்றில் உண்டாம். ஒவ்வொரு விருந்தினரும் ஒரு கன்று நடலாம். நாங்கள் நட்டது கருங்குங்கிலியம். நடும் இடத்தைப் படம் எடுக்க வசதியாகப் பங்களாவின் முன்புறமே வைத்திருப்பதை மாற்ற வேண்டும். அந்தக் கன்றுகள் தேவைப்படுவது நிழல் மரம் வெட்டப்பட்ட சரிவுகளில்.

எல்லைக்கு அப்பால் வாழச்சால் காடுகளில், ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்த காடர் பழங்குடி மக்களே இன்று கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். அந்தப் பணிக்கு ஊதியமும் பெறுகிறார்கள். இந்தத் தோட்டத்து வழிகாட்டியும் அதே வகைப் பணியைத்தான் செய்கிறார்: எந்தப் பொந்து எந்தத் தேதியில் அடைபட்டது, எப்போது திறந்தது, ஆண் எத்தனை மணிக்கு வந்தது என்று ஆறு ஆண்டுகளாக ஒரு நீண்ட கணக்குப் புத்தகத்தில் எழுதி வருகிறார். ஆனால் அவருடைய சம்பளம் நடைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. விருந்தினர் வராத மழை மாதங்களில் அவர் களைவெட்டப் போகிறார். அந்தப் புத்தகத்தின் மதிப்பை நிர்வாகம் உணர்ந்து, கண்காணிப்புக்கென்றே மாதச் சம்பளம் ஒதுக்க வேண்டும். கட்டணத்தில் ஐந்நூறு ரூபாய் கூட்டினாலும் நான் மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பெண் பறவை பொந்துக்குள் இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே நல்ல காலம். சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். சாலையில் நிற்பவர்களின் எண்ணிக்கை குறைந்தால் பறவைக்கும் நல்லது, உங்களுக்கும் தொலைநோக்கியில் அதிக நேரம் கிடைக்கும். பச்சை, காக்கி, மண்நிற ஆடைகளே போதும். மழைக்காலத்தில் அட்டை மிகுதி, காலுறை அவசியம். நாங்கள் போனபோது ஓடைக்கரையில் மட்டுமே ஒன்றிரண்டு ஏறின. நடைகள் மெதுவானவை, எனக்கு முழங்கால் வலி இருந்தும் மூன்றையும் முடித்தேன். பெரிய லென்ஸில் கூட்டின் நெருக்கக் காட்சி வேண்டும் என்று போகிறவர்கள் ஏமாறுவார்கள். அவர்கள் போகாமல் இருப்பதே நல்லது. முன்பதிவு செய்யும்போது எந்தத் தங்குமிடமாக இருந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கூட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் நிறுத்துவீர்கள், இந்த ஆண்டு எத்தனை நாட்டு நிழல் மரங்களை வெட்டுகிறீர்கள். முதல் கேள்விக்கு இவர்கள் கொடுத்த பதிலுக்காக ஐந்தில் நான்கு தருகிறேன்.

ஊர் திரும்பியதும், இங்கே எழுதிய குறைகளை நிர்வாகத்துக்குக் கடிதமாக அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கூட்டு மரங்களைச் சுற்றிய பகுதியில் நிழல் கவாத்தைக் குஞ்சு வெளியேறும்வரை தள்ளிவைப்பதாகவும், தேதியை வழிகாட்டியின் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்வதாகவும், விருந்தினர் நடும் கன்றுகளை அடுத்த பருவமழை முதல் சரிவுகளுக்கு மாற்றுவதாகவும் எழுதியிருந்தார்கள். இனி தோட்டத்துக் காப்பியையே கொடுப்பார்களாம். சிவப்பு எண்கள் எழுதிய அந்த 11 மரங்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை. மறுபடியும் கேட்டு எழுதியிருக்கிறேன். மீதி ஒரு மதிப்பெண்ணை அந்தப் பதில் வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.